வளைமுகத் தொட்டிக்கு மர மேல்மூடி: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

முன்கண்ணாடி வில்போல் வளைந்த மீன்தொட்டிக்கு மரத்தில் மேல்மூடி செய்வது, சதுரத் தொட்டிக்குச் செய்வதைப்போல நேர்க்கோட்டு வேலை அல்ல. சென்னை கொளத்தூர்க் கடைகளில் தொட்டியோடு வரும் பிளாஸ்டிக் மூடி சில ஆண்டுகளில் மஞ்சளித்து வெடித்துவிடும். அப்போதுதான் பலரும் ஆசாரியைத் தேடுகிறார்கள், அல்லது தாங்களே ரம்பத்தை எடுக்கிறார்கள். மூடியும் உருவாகிவிடுகிறது. பிறகு ஒவ்வொன்றாகத் தொல்லை தலைகாட்டுகிறது: உரசல், உப்பல், நீர்வழிவு, வாடை, மூச்சுத் திணறும் மீன்கள். எந்தத் தொல்லைக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றே. மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு மூடியைத் தூக்கிச் சமதளத்தில் வையுங்கள். கீழே வைத்த பிறகும் குறை தெரிந்தால் அது மரத்தின் குறை. தொட்டியின்மேல் இருக்கும்போது மட்டும் தெரிந்தால் அளவின் குறை. மூடி வைத்துப் பல மணி நேரம் கழித்துத்தான் தெரிகிறது என்றால் காற்றும் ஈரமும் சம்பந்தப்பட்ட குறை. இந்தப் பிரிவினையைச் செய்யாமல் உப்புத்தாளைக் கையில் எடுப்பவர்கள் சரியாக இருக்கும் இடத்தைத் தேய்த்துக் கெடுத்துவிடுகிறார்கள்.

கணக்குக்கு ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். முன்பக்க அகலம் 900 மி.மீ.; இரு முனைகளையும் இணைக்கும் நேர்க்கோட்டிலிருந்து (இதுதான் நாண்) கண்ணாடி நடுவில் 100 மி.மீ. முன்னே தள்ளியிருக்கிறது (இதுதான் வளைவின் உயரம்), மூடியின் உயரம் 250 மி.மீ. உங்கள் தொட்டியின் அளவை இதே வழியில் போட்டுப் பாருங்கள்.

நடுவில் உரசுகிறது, இரு ஓரங்களிலும் விலகி நிற்கிறது

முன்பலகை தொட்டியைவிடத் தட்டையாக வளைந்திருக்கிறது என்று பொருள். ஓரங்கள் உரசி நடுவில் இடைவெளி தெரிந்தால் நேர்மாறு. பலகை அதிகமாக வளைந்துவிட்டது. முதல் வகைதான் பெரும்பாலும் வரும். அதற்குக் காரணமாக மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் ஆரம். நாணின் நீளத்தை அதனாலேயே பெருக்கி, வளைவின் உயரத்தைப்போல எட்டு மடங்கால் வகுத்து, வந்த விடையோடு வளைவு உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம் கிடைக்கும். நம் தொட்டிக்கு 8,10,000-ஐ 800-ஆல் வகுத்தால் 1012.5, அதோடு 50 சேர்த்து 1062.5 மி.மீ. ஒரு மீட்டருக்கு மேல் போவதால் கவராயம் எட்டாது. கயிறு கட்டி வரைவது வழக்கம். ஆனால் கயிறு இழுபடும், கோடு பிசகும். நீளமான ரீப்பரில் (ஒடுங்கிய மரச்சட்டத்தில்) ஒரு முனையில் ஆணி, மறுமுனையில் துளையிட்டுப் பென்சில் என்று வைத்து வரைந்தால் கோடு நம்பத்தக்கதாக இருக்கும்.

இரண்டாவது, தொட்டியே உண்மையான வட்டவில்லாக இல்லாமல் இருப்பது. இதைச் சோதிக்காமல் பலகையைப் பழிக்கக் கூடாது. தொட்டியின் முன்பக்க இரு முனைகளையும் தொடும்படி நேர்ச்சட்டம் ஒன்றை வையுங்கள். நடுப்புள்ளியிலிருந்து இருபுறமும் 225 மி.மீ. தள்ளிக் கண்ணாடி எவ்வளவு முன்னே இருக்கிறது என்று அளங்கள். சரியான வட்டவில் என்றால் 76 மி.மீ. வர வேண்டும். 80-க்கு மேல் போனால் கண்ணாடி நடுவில் தட்டையாக ஓடி ஓரத்தில் சட்டென்று திரும்புகிறது. அப்படிப்பட்ட தொட்டிக்கு ஆரக் கணக்கு உதவாது. நேராகப் படியெடுக்கத்தான் வேண்டும். தொட்டியின்மேல் ஹார்டுபோர்டு பலகையை வைத்து, அடியிலிருந்து விளிம்பை ஒட்டிப் பென்சிலை ஓட்டுங்கள். தொட்டியில் நீர் நிறைந்திருக்கும்போது படியெடுப்பது நல்லது. நீரின் அழுத்தத்தில் கண்ணாடி சற்று முன்தள்ளும், காலித் தொட்டியில் எடுத்த அளவு பிறகு இறுக்கமாகிவிடும். விளிம்பில் பிளாஸ்டிக் சட்டம் இருந்தால் அதன் வெளிப்பக்கம்தான் கணக்கு, கண்ணாடி அல்ல.

படியெடுத்த கோட்டிலிருந்து 3 மி.மீ. வெளியே தள்ளி மூடியின் உட்கோடு வர வேண்டும். இதற்கு வாஷர்தான் கருவி. துளைக்கும் வெளிவிளிம்புக்கும் இடையே தேவையான அகலமுள்ள வாஷரை எடுத்து, துளையில் பென்சில் முனையை வைத்து, வெட்டிய மாதிரி அட்டையின் ஓரமாக உருட்டிக்கொண்டே போங்கள். எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் கோடு விழும். சிலர் அட்டையையே முன்னால் நகர்த்தி அதே வளைவை மறுபடி வரைகிறார்கள். அப்படிச் செய்தாலும் 12 மி.மீ. நகர்த்தினால் ஓரத்தில் ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே குறையும். ஆகவே ஓரத்தில் விரலளவு இடைவெளி தெரிந்தால் காரணத்தை இங்கே தேட வேண்டாம்.

மூன்றாவது காரணம்தான் கைதேர்ந்தவர்களையும் ஏமாற்றுவது: மரம் திரும்பிக்கொள்வது. மெல்லிய பலகைகளை, வளைவு வடிவில் செய்த அச்சின்மேல் வளைத்துப் பசையிட்டு, கிளாம்பைக் கழற்றியதும் அது கொஞ்சம் நிமிரும். எவ்வளவு நிமிரும் என்பதை அடுக்குகளின் எண்ணிக்கையிலிருந்து தோராயமாகச் சொல்லிவிடலாம். 3 அடுக்கு என்றால் வளைவு உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு, 5 அடுக்கு என்றால் இருபத்தைந்தில் ஒரு பங்கு குறையும். நம் 100 மி.மீ. வளைவு 3 அடுக்கில் 89 ஆகிவிடும், 5 அடுக்கில் 96-இல் நிற்கும். எனவே அச்சையே அந்த அளவுக்கு அதிகமாக வளைத்துச் செய்ய வேண்டும், அல்லது அடுக்கைக் கூட்ட வேண்டும்.

ஏற்கெனவே செய்து முடித்த மூடியில் இந்தக் குறை 4 மி.மீ. வரை இருந்தால் காப்பாற்றலாம். 18 மி.மீ. பிளைவுட்டில் தொட்டியின் வளைவுக்கே அறுத்த இரண்டு விலாச் சட்டங்களைச் செய்து, முன்பலகையின் உட்புறம் மேலே ஒன்று, கீழே ஒன்று எனப் பசையும் திருகும் போட்டு இழுத்துப் பிடியுங்கள். கீழ்ச்சட்டம் தொட்டி விளிம்புக்கு மேலே நிற்க வேண்டும். நான் செய்யும் மூடிகளில் தொடக்கத்திலேயே இந்தச் சட்டங்கள் உண்டு. வளைவை நிலைநிறுத்தும் பொறுப்பைச் சட்டத்திடம் கொடுத்துவிட்டால், பலகை வெறும் தோலாக இருந்தால் போதும். இடைவெளி அதற்கு மேல் போனால் முன்பலகையை மாற்றத்தான் வேண்டும். தொட்டியின்மேல் அழுத்திப் பொருத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். நிமிரத் துடிக்கும் பலகையை வளைந்த கண்ணாடி விளிம்பில் மாட்டினால், அந்த விசை இரவும் பகலும் கண்ணாடியின் முனைகளில் நின்றுகொண்டிருக்கும்.

முன்பலகை நீளம் போதவில்லை

அகலம் 900 என்று பலகையையும் 900-க்கே அறுத்துவிட்டால் வருவது இது. வில்லின் நீளம் நாணைவிட அதிகம். நம் தொட்டிக்கு 929 மி.மீ. மூடியின் வெளிமுகம் இன்னும் வெளியே இருப்பதால் அதற்கும் மேல். 980-க்கு அறுத்து, வளைத்து, காய்ந்த பிறகு முனைகளைச் சீவிக்கொள்ளுங்கள். குட்டையாகிப்போன பலகைக்கு, பக்கப்பலகை சேரும் மூலையில் தேக்குப் பட்டை ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி இணைத்தால் வேண்டுமென்றே செய்ததுபோல அழகாகவே இருக்கும்.

வளைந்த முகம் பட்டை பட்டையாகத் தெரிகிறது

பளபளப்பான பூச்சு பூசி விளக்கைப் போட்டதும்தான் இது கண்ணில் படும். தடித்த பலகையின் உட்புறம் ரம்பக்காடிகள் (பலகையை முழுதும் துண்டிக்காத வெட்டுகள்) போட்டு வளைத்தவர்களுக்கு வரும் குறை.

காடிகளின் கணக்கு இப்படி. 12 மி.மீ. பலகையில் 10 மி.மீ. ஆழம் அறுத்து 2 மி.மீ. தோலை விடுகிறோம். ரம்பத்தின் வாய், அதாவது வெட்டின் அகலம், 2.5 மி.மீ. அப்படியானால் ஒரு காடி முழுதாக மூடினால் பலகை 14 பாகைக்கு மேல் திரும்பிவிடும். நம் வில்லின் மொத்தத் திருப்பமே 50 பாகைதான். அதாவது நான்கே காடியில் வளைவு வந்துவிடும். ஆனால் அது வளைவாக இருக்காது, ஐந்து தட்டைப் பலகைகளை ஒட்டியதுபோல இருக்கும். ஆகையால் காடி எவ்வளவு மூடுகிறது என்று பார்க்கக் கூடாது. எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். 20 முதல் 25 மி.மீ.க்கு ஒன்று என நாற்பதுக்குக் குறையாமல் போடுங்கள். ஒவ்வொன்றும் ஒன்றேகால் பாகைதான் திரும்பும். கண் அதைப் பிரித்தறியாது. காடிகள் முழுதாக மூடாமல் வாய் பிளந்தே நிற்கும் என்பதால் பலகை தானாக வடிவத்தில் நிற்காது. அச்சில் கட்டியபடியே காடிகளில் எபாக்சியும் (இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை) மரத்தூளும் குழைத்து நிரப்பிக் காயவிட வேண்டும்.

பட்டை ஏற்கெனவே தெரிந்துவிட்டதென்றால், நீளமான மரக்கட்டையில் 80-ஆம் எண் உப்புத்தாளைச் சுற்றி வளைவின் போக்கிலேயே தேய்த்து முகடுகளைத் தணியுங்கள். தோல் 2 மி.மீ.தான், அவசரம் கூடாது. பிளைவுட் என்றால் முகத்து வெனீர் (மெல்லிய மரத்தாள்) அதற்குள் தேய்ந்து அடுத்த அடுக்கு வெளித்தெரிந்துவிடும்; அப்போது புதிய வெனீர் ஒட்டுவதே வழி.

உண்மையைச் சொன்னால், ஒரு மீட்டர் ஆரமுள்ள இந்த அளவு வளைவுக்குக் காடிகளே வேண்டாம். 4 மி.மீ. பிளைவுட்டை அதன் முகரேகை (மேல் அடுக்கின் நாரோட்டம்) செங்குத்தாக நிற்கும்படி வைத்தால் கையாலேயே வளைந்துவிடும். மூன்று தாள் சேர்த்தால் 12 மி.மீ. கடைகளில் வளைவு வேலைக்கென்றே விற்கும் ஃப்ளெக்ஸி பிளைவுட் எல்லாமே நீர் தாங்குபவை அல்ல. நாற்காலிக்கும் வரவேற்பு மேசைக்கும் நல்லதாக இருப்பது நீராவிக்கு மேல் நிற்காது. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டையே மெல்லிய தாளாகக் கேட்டு வாங்குங்கள். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் பிரியாத பசை கொண்டது என்பதே அந்த முத்திரையின் பொருள்.

செய்தபோது சரியாக இருந்தது, சில மாதங்களில் வளைவு நிமிர்ந்துவிட்டது

மூடியைக் கீழே இறக்கி வைத்து இரண்டு நாள் உலரவிட்டு மறுபடி பாருங்கள். வளைவு ஓரளவு திரும்பி வந்திருந்தால் காரணம் ஈரம். வராமலே இருந்தால் காரணம் பசை.

ஈரம் எப்படி வளைவை நிமிர்த்துகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மூடியின் உட்புறம் எப்போதும் நீராவியில் இருக்கிறது. வெளிப்புறம் வீட்டுக் காற்றில் இருக்கிறது. உட்பக்க மரம் ஈரத்தை உறிஞ்சி அகலமாகிறது. வளைவின் உட்பக்கம் நீண்டால் வளைவு நிமிரத்தானே செய்யும்? வெளிமுகத்துக்கு நான்கு கை வார்னிஷ் அடித்து உட்புறத்தை வெறும் மரமாக விட்டவர்களின் மூடிகள் இதனால்தான் கெடுகின்றன. பார்வைக்கு வெளிப்புறம் முக்கியம், ஆயுளுக்கு உட்புறம் முக்கியம். உள்ளே ஒரு கை கூடுதலாகவே பூசுங்கள்.

தேக்குப் பட்டைகளைச் செங்குத்தாக அடுக்கி, ஓரங்களைச் சாய்த்துச் சீவி, பீப்பாய் முறையில் ஒட்டிய மூடிகளில் இது இன்னும் அதிகம். பிளைவுட்டில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஓடும் அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்; தனிமரத்தில் ரேகைக்குக் குறுக்கே எந்தத் தடையும் இல்லை. 930 மி.மீ. அகலமுள்ள தேக்குப் பரப்பில் ஈரம் 4 சதவீதம் கூடினால், பலகை அறுத்த வாக்கைப் பொறுத்து 3 முதல் 7 மி.மீ. வரை அகலும். அதை இரு முனைகளிலும் பசைபோட்டு இறுக்கிவிட்டால் வளைவு பிதுங்கும், அல்லது வேனிலில் விரிசல் விடும். தேக்கின் அழகு வேண்டுமென்றால் பிளைவுட் உடலின்மேல் தேக்கு வெனீர் ஒட்டுவது நல்லது. அப்போதும் உட்புறத்தில் ஏதேனும் ஒரு வெனீர் ஒட்டியாக வேண்டும். ஒருபுறம் மட்டும் ஒட்டிய பலகை அந்தப் பக்கமே இழுக்கும்.

பசைதான் காரணம் என்றால்: வழக்கமான வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் சற்று நெகிழ்வுடையது. மேசைக் காலுக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. வளைத்துப் பிடித்த அடுக்குகளிலோ ஒரு விசை நிரந்தரமாக நிற்கிறது. வெப்பமும் ஈரமும் சேர அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று மெல்ல மெல்ல நழுவும். வளைவு அடுக்குக்கு எபாக்சியையே பயன்படுத்துங்கள். தேக்கை ஒட்டுவதானால், மரத்தின் இயல்பான எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. ஒட்டுவதற்குச் சற்று முன்பு தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். நழுவிய பலகையைத் திரும்ப வளைக்க முடியாது. விலாச் சட்டங்களால் இழுத்துப் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

முன்கதவு திறக்க மறுக்கிறது

வளைந்த முகத்தின் மேல்விளிம்பில் கீல் போட்டுக் கதவை மேல்நோக்கித் தூக்க முயன்றிருப்பீர்கள். கீல் சுழல்வது ஒரு நேர்க்கோட்டைச் சுற்றித்தான். வளைவின்மேல் மூன்று கீல் வைத்தால் மூன்றும் ஒரே கோட்டில் நிற்காது. கதவு அசையாது, அல்லது திருகுகள் பிய்த்துக்கொள்ளும். இரண்டே கீல் போட்டால் நடுப்பகுதி அந்தக் கோட்டுக்கு முன்னே துருத்திக்கொண்டு மேல்பலகையில் முட்டும். எவ்வளவு இழைத்தாலும் இது தீராது.

வழிகள் இரண்டு. மேல்பலகையை அகலவாக்கில் இரண்டாக அறுத்து, பின்பகுதியை நிலையாக வைத்து, அறுத்த நேர்க்கோட்டில் பியானோ கீல் (நீளம் முழுதும் ஓடும் ஒரே கீல்) போட்டு முன்பகுதியைத் தூக்குவது ஒன்று. தீவனம் போடவும் செடி கத்தரிக்கவும் இது போதும். முகமே திறக்க வேண்டுமென்றால், அலமாரிக் கதவைப்போலப் பக்கவாட்டில் செங்குத்துக் கீல் போடுங்கள். வளைந்த பலகைக்கும் செங்குத்து அச்சு நேர்க்கோடுதான். நடுவில் பிளந்து இரட்டைக் கதவாக்கினால் எடை பகிரும், கீலும் தொங்காது.

முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் நீர் வழிகிறது

இதைக் கண்டதும் தொட்டி ஒழுகுகிறது என்று பதறி, மீன்களை வாளிக்கு மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். மீனைத் தொடுவதற்குமுன் வெளிக்கண்ணாடியை நன்றாகத் துடைத்து, மேடையில் செய்தித்தாளை விரித்து, மூடியில்லாமல் ஓர் இரவு விட்டுப் பாருங்கள். தாள் நனையாவிட்டால் ஒழுக்கு தொட்டியில் இல்லை.

நீராவி முன்பலகையின் உட்புறத்தில் குளிர்ந்து துளியாகி, பலகையிலேயே வழிந்து கீழ்விளிம்புக்கு வருகிறது. அந்த விளிம்போ தொட்டிச் சட்டத்துக்கு வெளியே தொங்குகிறது. துளி வேறெங்கே போகும்? முன்பலகையின் உட்புறம், தொட்டி விளிம்புக்குச் சற்று மேலே, உள்நோக்கிச் சாய்ந்த சிறிய பட்டை ஒன்றை வளைவு முழுதும் ஒட்டுங்கள். அதன் முனை தொட்டி விளிம்பைத் தாண்டி நீருக்கு மேல் நிற்க வேண்டும். கீழ் விலாச் சட்டத்தின் மேல்முகத்தையே சாய்த்துச் சீவினாலும் அதே வேலை நடக்கும். பட்டைக்கும் பலகைக்கும் இடையே மீன்தொட்டிக்கான சிலிக்கோனை இழுத்துவிடுங்கள்.

ஓரம் உப்புகிறது, கறுக்கிறது, பூச்சு பிசுபிசுக்கிறது

உப்பல் எப்போதும் அறுத்த விளிம்பில்தான் தொடங்கும். குறுக்கே வெட்டிய நார் நீரைக் குடிக்கும் வேகத்தில் பரப்பு குடிக்காது. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையென்றால் பேச்சே இல்லை. கழற்றிப் போட்டுவிட்டு வேறு செய்யுங்கள். பிளைவுட் என்றால் உப்பிய பகுதியை முழுக்க உலர்த்தி, பிரிந்த அடுக்குக்குள் எபாக்சியைச் செலுத்தி அழுத்திக் கட்டலாம். விளிம்புகளுக்கும் ஒவ்வொரு திருகுத் துளைக்கும் எபாக்சியை மூன்று முறை ஊட்டுங்கள். முதல் கை நீர்த்ததாக இருந்தால் ஆழமாக இறங்கும்.

கறுப்பு வேறு. திருகைச் சுற்றி மட்டும் கறுத்திருந்தால் அது இரும்பும் மரச்சத்தும் ஈரத்தில் சேர்ந்து உண்டாக்கும் கறை. இரும்பைக் கழற்றிவிட்டு எவர்சில்வர் திருகு போடுங்கள்; கடல்நீர்த் தொட்டிக்கு 316 வகை. பித்தளை துருப்பிடிக்காதுதான், ஆனால் அதில் செம்பு இருக்கிறது; அதிலிருந்து வழியும் நீர் இறாலும் நத்தையும் உள்ள தொட்டியில் சொட்டக் கூடாது. உட்புறத்தில் புள்ளி புள்ளியாகப் பரவிய கறுப்பு பூஞ்சை; தேய்த்து, உலர்த்தி, மறுபூச்சு கொடுத்து, காற்றோட்டத்தையும் கூட்டினால்தான் திரும்ப வராது.

தேக்கின்மேல் அடித்த எண்ணெய் வார்னிஷ் நாள்கணக்கில் பிசுபிசுத்தால், மரத்தின் எண்ணெய்தான் அதைக் காயவிடாமல் தடுக்கிறது. தின்னரால் துடைத்தெடுத்து, மரம் உலர்ந்ததும் இருகலவைப் பாலியுரிதேன் அடியுங்கள். அரக்குக் கலந்த பிரெஞ்சு பாலிஷ் வீட்டு நாற்காலிக்கு மிக அழகு. நீராவி பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். இங்கே வேண்டாம்.

மூடி போட்ட பிறகு மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன

இதைக் கண்டால் மற்ற எல்லாவற்றையும் ஒத்திவையுங்கள். மூடியைத் திறந்து, காற்றுக்குழாயை முழு வேகத்தில் ஓடவிடுங்கள்.

மரம் நல்ல வெப்பக் காப்பு. விளக்கின் சூடு உள்ளேயே தங்குகிறது, ஆவியாதலும் குறைந்துபோகிறது. நீர் குளிர்வதற்கு இருந்த முக்கிய வழி அதுதான். 25 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் 8.3 மி.கிராம் வரை ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 பாகையில் 7.6 மட்டுமே. சூடு ஏற ஏற மீனுக்குத் தேவையோ கூடுகிறது. செடித்தொட்டியில் இரவெல்லாம் செடிகளும் ஆக்சிஜனை எடுப்பதால் விடியற்காலையில்தான் நிலைமை மோசமாக இருக்கும். காலையில் முதலில் மீனைப் பாருங்கள் என்று சொல்வது அதனால்தான்.

நீரின் வெப்பத்தை மூடியோடு ஒரு நாள், மூடியில்லாமல் ஒரு நாள், ஒரே நேரத்தில் அளங்கள். 2 பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காற்றோட்டம் போதவில்லை. பின்பலகையை முழுதாக அடைக்காதீர்கள். சுவர்ப்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள்? மூன்றில் இரண்டு பங்காவது திறந்தே இருக்கட்டும். அதற்கும் தீராவிட்டால் கணினிக்கான 120 மி.மீ. மின்விசிறி ஒன்றை ஒரு பக்கப்பலகையில் பொருத்தி, வெளிக்காற்றை உள்ளே தள்ளி நீர்ப்பரப்பின்மேல் ஓடவிடுங்கள். உள்காற்றை வெளியே இழுக்கும்படி வைத்தால் ஈரக்காற்று முழுதும் விசிறியின் வயிற்றுக்குள் புகுந்து அதை அரித்துவிடும். மறுபக்கத்தில் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். ஆவியாதல் கூடுவதால் நீரை அடிக்கடி நிரப்ப வேண்டிவரும். கடற்கரை ஊர்களில் காற்றே ஈரமாக இருக்கும் நாள்களில் குளிர்ச்சியும் குறைவாகத்தான் கிடைக்கும்.

வெப்பமும் காற்றும் சரி, ஆனாலும் மீன் சாகிறது

பூச்சின் வாடையைச் சந்தேகியுங்கள். தொடுவதற்கு உலர்ந்துவிட்ட பூச்சு உள்ளுக்குள் உலர இன்னும் நாள் எடுக்கும்; எண்ணெய் வகைப் பாலியுரிதேனுக்கு ஒரு மாதம் வரைகூட ஆகும். சண்டை மீனும் கௌராமியும் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றையே நேராகச் சுவாசிப்பவை. மூடிக்குள் தங்கிய கரைப்பான் ஆவி முதலில் அவற்றைத்தான் சேரும். பொருத்துவதற்குமுன் மூடியைப் பிளாஸ்டிக் தாளால் இரவு முழுதும் சுற்றிவைத்து, காலையில் பிரித்து முகர்ந்து பாருங்கள். மூக்கில் ஏதேனும் ஏறினால் இன்னும் ஒரு வாரம் வெயில்படாத காற்றில் நிற்கட்டும்.

இதைவிடக் கொடியது பூச்சிமருந்து. கரையானுக்கும் வண்டுக்கும் என்று தச்சர் நல்லெண்ணத்தோடு அடித்துக் கொடுக்கும் மருந்துகளில் குளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின் போன்றவை இருக்கும். மனிதருக்குத் தெரியாத அளவிலேயே இவை மீனையும் இறாலையும் கொன்றுவிடும். இறால் முதலில் துடித்து விழும். வேலை ஒப்படைக்கும்போதே "மருந்து அடிக்க வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அடித்தாகிவிட்டது என்று பிறகு தெரியவந்தால் மேலே எத்தனை கை எபாக்சி பூசினாலும் அந்த மூடியைத் தொட்டியின்மேல் வைக்காதீர்கள். மீன்கள் தப்பியிருந்தால், குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள நீரால் பாதித் தொட்டியை மாற்றி, வடிகட்டியில் புதிய ஆக்டிவேட்டட் கார்பனை வைத்து, மறுநாளும் நீரை மாற்றுங்கள்.

விளக்கு மினுக்குகிறது, நீரில் கை வைத்தால் சுரீர் என்கிறது

கை சுரீரென்றால் மீண்டும் தொட்டுப் பார்த்து உறுதிசெய்ய முயலாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீசியனை அழையுங்கள். எம்.சி.பி. (சாதாரணத் தானியங்கி மின்துண்டிப்பான்) மட்டும் இருக்கும் வீட்டில் இந்தக் கசிவுக்கு அது விழாது. அதிக மின்னோட்டத்துக்கு மட்டுமே விழும். உயிரைக் காப்பது, மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அது இல்லாத வீட்டில் மூடிக்குள் மின்சாரம் கொண்டுபோக வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

மினுக்கல் பெரும்பாலும் டிரைவரில் (விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) ஈரம் புகுந்ததால் வருவது. மூடிக்குள் 12 அல்லது 24 வோல்ட் எல்.இ.டி. பட்டைகளை மட்டும் வைத்து, டிரைவரைத் தொட்டிக்குப் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்கு மேல், சுவரில் மாட்டுங்கள். பட்டை, தூசியும் நீரும் புகாத ஐ.பி. 65 அல்லது அதற்கு மேலான காப்புள்ளதாக இருக்கட்டும். வெட்டி ஒட்டிய இணைப்புகளில் அந்தக் காப்பு போய்விடும் என்பதால் அங்கே சிலிக்கோன் வேண்டும். பிளக்குக்குப் போகும் ஒயர் முதலில் பிளக்குக்குக் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறும்படி விடுங்கள். ஒயரில் வழியும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

மூடியை வைக்கும்போது கிறீச்சிடுகிறது

எடை தவறான இடத்தில் இறங்குகிறது. 12 மி.மீ. பலகையில் செய்த இந்த அளவு மூடி விளக்கில்லாமலே 6, 7 கிலோ வரும், 18 மி.மீ. போட்டால் 9-ஐத் தாண்டும். அந்த எடை பக்கக் கண்ணாடிகளின் மேலும் பின்கண்ணாடியின் மேலும் பரவ வேண்டும். பக்கப்பலகைகளிலும் பின்சட்டத்திலும் உட்புறமாக ரீப்பர் அடித்து, அவற்றின்மேல் மூடியை உட்கார வையுங்கள். முன்பக்கச் சட்டம் விளிம்பைத் தொடாமல் 2 மி.மீ. மேலே நிற்கட்டும். ரீப்பரின் அடியில் 3 மி.மீ. ரப்பர் பட்டை ஒட்டினால் கிறீச்சும் நிற்கும், விளிம்பில் எடை சமமாகவும் இறங்கும். முன்பக்க இடைவெளியில் வெளிச்சம் கண்ணைக் கூசினால் கதவுகளுக்கு ஒட்டும் மெல்லிய பிரஷ் பட்டையை உட்புறமாக ஒட்டுங்கள். அது வளைவுக்கு இணங்கிப் போகும், கண்ணாடியையும் கீறாது.